மூணு புலி, பதினஞ்சு ஆடு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் சித்திரை மாதத்து உச்சிவேளையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கரிசல் வெடித்துக் கிடக்கும், கண்மாய் வறண்டு கிடக்கும். வெளியே அசைகிற ஒரே உயிர் வெள்ளாடுதான். முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு வாங்கிய கறுப்புக் கன்னி ஆடு, முன்னங்கால்களைச் சீமைக்கருவேல மரத்தில் ஊன்றி நெற்றுப் பறித்துக்கொண்டிருக்கும். மேய்க்கிறவர் எங்கே? நிழலைத் தேடினால் ஆள் அகப்படுவார். பக்கத்தில் துணைக்கு இன்னொருவரும் இருந்தால், இருவருக்கும் நடுவே தரையில் ஒரு முக்கோணம் இருக்க வாய்ப்புண்டு. இந்தக் காலத்தில் செல்போன் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கும் வருவோம்.

ஆடுபுலி ஆட்டத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை வரைந்து பார்ப்போம், கைக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. ஒரு சுக்காங்கல்லை எடுத்து உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து விசிறி விரித்த மாதிரி நாலு கோடு கீழே இறங்கட்டும். குறுக்கே மூன்று கோடு. இரண்டு பக்கமும் முக்கோணத்தைத் தாண்டி நீண்டு, நுனிகள் மேலிருந்து கீழாக இணையட்டும். அடியில் ஒரு கோடு. இனி சந்திப்புகளை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறு, அடியில் 4. ஆக 23. உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே நடுவில் இரண்டு என 3 புலி. கையில் 15 ஆடு. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை ஒன்றுகூட நகரக் கூடாது. புலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதலிலிருந்தே திரியும், ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, நெருங்கி நிற்கத் தெரியும். மூன்று புலிக்கும் போக்கிடம் இல்லாமல் போனால் ஆடு ஜெயித்தது.

காய்களுக்காகக் கடைக்குப் போக வேண்டாம். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. அதாவது கல்தான் புலி, புளிதான் ஆடு. லகர ளகரம் தடுமாறுகிறவரை இந்த ஆட்டத்தில் சேர்த்தால் மத்தியானம் முழுக்க வழக்குத்தான்.

இதன் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே படை, ஒரே விதி, நிறம்தான் வேறு. தாயத்திலும் அப்படியே. இங்கே எண்ணிக்கை வேறு, வலு வேறு, ஜெயிக்கும் வழியே வேறு. இன்றைய கேம் வடிவமைப்பாளர்கள் இதை ‘அசிமெட்ரிக்’ என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதி கொடுத்துவிட்டு, இருவருக்கும் ஜெயிக்கிற வாய்ப்பைச் சமமாக வைத்திருப்பது அவர்கள் தொழிலில் தலைவலி பிடித்த வேலை. 2018இல் வந்து உலகம் சுற்றிய ‘ரூட்’ என்ற பலகை ஆட்டம் இந்த வித்தைக்காகவே பேர் வாங்கியது. அதை மேசையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் சின்னத்தாத்தாதான்.

அவரும் வடிவமைப்பாளர்தான் என்பது அவருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது எப்போதும் புலி அவருக்கு. பிள்ளைக்கு ஆடு வரிசையாக வெட்டுப்பட்டுக் கண் கலங்குகிற நேரத்தில் திடீரென்று ஒரு சட்டம் பிறக்கும். “அடிக்கோட்டு மூலையில நிக்கிற ஆட்டை வெட்டக் கூடாதுடா. அது கிணத்துக்குள்ள நிக்கிது. புலி எப்படிக் கிணத்துக்குள்ள பாயும்?” எந்த ஊர்ச் சட்டம் இது என்று யாராவது பெரியவர் கேட்டால், “எங்க ஊர்ல இப்படித்தான்” என்பார். கேட்டவரும் அதே ஊர்தான்.

இந்த ஆட்டத்தின் வயதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வடக்கே கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இந்த வட்டாரம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஆட்டத்தில் கிறுக்குப் பிடித்திருந்தது என்பதற்கு அது போதும். ஆனால் பகடை நிலைக்கும், புளியங்கொட்டை நிலைக்காது. சரி, கோயில் மண்டபத் தரையில் வெட்டிய ஆடுபுலிக் கட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். மண்டபத்துக்கு வயது எண்ணூறு இருக்கலாம். கட்டத்தை வெட்டியவர் கோயில் கட்டிய சிற்பியா, போன தலைமுறையில் அங்கே மத்தியானத் தூக்கம் பிடிக்காமல் உளியை எடுத்தவரா? கல்வெட்டுக்கு எழுத்தின் வடிவை வைத்துக் காலம் சொல்லலாம். கோட்டுக்கு ஏது வடிவம்?

ஹென்றி பார்க்கர் இந்த வலையில்தான் விழுந்தார். இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளர். குளங்களை ஆராயப் போனவர், குளக்கரையில் ஆடுகிறவர்களையும் உட்கார்ந்து கவனித்தார். பொறியாளர்களில் அது அபூர்வம். 1909இல் வந்த அவருடைய ‘பண்டைய இலங்கை’ நூலில் ஆட்டங்களுக்கு நீண்ட இடம் உண்டு. அதில் எகிப்தின் குர்னா கோயில் கற்களில் வெட்டியிருக்கும் ஆட்டக்கட்டங்களைக் காட்டி, கோயிலின் வயதையே கட்டங்களுக்கும் கொடுத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள், அதே கற்களில் அந்தக் கட்டங்களோடு கிறிஸ்தவச் சிலுவைகளும் இருப்பதைச் சுட்டிக் காட்டினார்கள். மூவாயிரம் ஆண்டுப் பெருமை ஒரு சிலுவையில் சரிந்தது.

தேதி சந்தேகமில்லாமல் கிடைக்கும் இடம் ஸ்பெயின். 1283இல் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்போன்சோ, ஆட்டங்களுக்கென்றே வண்ணப் படங்களோடு ஒரு நூல் எழுதுவித்தார். அதில் ‘முயலை வளைத்தல்’ என்று ஓர் ஆட்டம். ஒரு பக்கம் ஒற்றை முயல், மறுபக்கம் வேட்டைக்காரர் கூட்டம். வெட்டுகிற உரிமை யாருக்கு என்கிறீர்கள்? முயலுக்கு! வேட்டைக்காரர்கள் நம் ஆடுகளைப் போல நெருக்கி நின்று வளைக்கிறார்கள். முயல் புலி வேலை பார்க்கிறது. பலகையின் பெயர் அல்கெர்க்கே. ‘அல்’ என்று தொடங்குவதிலேயே அது அரபுக்காரர்களோடு கடல் கடந்து ஸ்பெயினுக்குள் நுழைந்த கதை தெரிந்துவிடும். அடுத்து இங்கிலாந்து. 15ஆம் நூற்றாண்டில் நான்காம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய நரிகளும் வேட்டை நாய்களும் செலவு எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்டம் அதேதான். புளியங்கொட்டைக்குப் பதில் பொன்முலாம்.

எந்த மிருகம் ஊரை மிரட்டுகிறதோ அது பலகைக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் நரி வாத்துகளைத் துரத்தியது. மலாய் நாட்டில் இதற்குப் பேரே ‘ரிமாவ்’, புலி. நேபாளத்து ‘பாக் சால்’ ஆட்டத்தில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. எனக்குப் பிடித்தது இலங்கைதான். அந்தத் தீவுக் காடுகளில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது. ஆனால் ‘ஹத் திவியன் கெலிய’ என்ற சிங்கள ஆட்டத்தில் ஏழு சிறுத்தைகள் சேர்ந்து ஒரு புலியை மடக்குகின்றன. காட்டில் இல்லாத புலி பலகைக்கு எப்படி வந்தது? நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது! அருப்புக்கோட்டைக் கரிசலில் புலி ஏது? ஆட்டுக்காரருக்கு இங்கே பயம் நாய்க்கும் திருடனுக்கும்தான். நிஜப் புலி அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலை மேல் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆடு கிழக்கே, புலி மேற்கே. இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் அந்த 23 புள்ளிகள்.

அரசர் ஒருவர் ஆட்டம் உருவாக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்கிய கதை மைசூரில் நடந்தது. 1799இல் திப்பு சுல்தான் விழுந்தார். புலிச் சின்னக்காரர் அவர். வெள்ளைச் சிப்பாயைப் புலி கடித்துக் குதறும் அவருடைய இயந்திரப் பொம்மையை லண்டனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவருக்குப் பின் அரியணையில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து வயதுக் குழந்தைதான் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆங்கிலேயர் அவர் கையிலிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ராஜா உண்டு, ராஜ்யம் இல்லை. பொழுது நிறைய. மனிதர் ஆட்டங்களாக உருவாக்கித் தள்ளினார். புதுப்புதுப் பலகைகள், சீட்டுக்கட்டுகள், சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரே முறை தொட்டுச் சுற்றிவரும் புதிர்கள். பட்டுத் துணியில்கூட அச்சிட்டுக் கொடுத்தார். விற்க அல்ல, யாரும் கேட்டதற்காகவும் அல்ல. இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க. இன்றைக்கு இதற்கு ‘எக்ஸ்பெரிமெண்டல் கேம்’ என்று பேர். அடுத்த முறை யாராவது இந்தியாவின் முதல் இண்டி, அதாவது சுயாதீன, கேம் டெவலப்பர் யார் என்று கேட்டால், நான் கூச்சமில்லாமல் உடையார் என்று சொல்வதாக இருக்கிறேன். சின்னத்தாத்தாவுக்கு இரண்டாம் இடம்.

1857க்குப் பிறகு லண்டனில் வேட்டை ஆட்டம் வேறு வேஷம் கட்டியது. நரி – வாத்து ஆட்டத்துக்குக் கோட்டை முற்றுகை என்று ஒரு வாரிசு ஏற்கெனவே இருந்தது. இரண்டு பேர் கோட்டையைக் காப்பார்கள், பெருங்கூட்டம் பிடிக்க வரும். சிப்பாய்க் கலகச் செய்தி சூடாக இருந்த நேரம் பார்த்து அதற்கு ‘ஆபீசர்களும் சிப்பாய்களும்’ என்று பேர் மாற்றி விற்றார்கள். வெட்டுகிற உரிமை ஆபீசருக்கு. சிப்பாய் கூட்டமாக வந்து வளைக்க வேண்டும். நாம் ஆடு ஆகிவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம். ஆடு ஜெயிக்கிற ஆட்டம் அது என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பேர் மாற்றி விற்பது பிறகு பெரிய தொழில் ஆனது. பச்சிசி என்ற வட இந்தியத் தாய ஆட்டம் 1896இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என்று காப்புரிமை வாங்கியது. பரமபதம், புண்ணியமும் பாவமும் உதிர்ந்து, பிள்ளைகளின் ‘பாம்பும் ஏணியும்’ ஆகித் திரும்பி வந்தது. அமெரிக்காவில் லிசி மாகி என்ற பெண் நிலவுடைமையின் கொடுமையைக் காட்ட ‘நிலக்கிழார் ஆட்டம்’ ஒன்றை 1904இல் பதிவு செய்தார். அது கைமாறிக் கைமாறி 1935இல் ‘மோனோபோலி’யாகிப் பணக்காரராகச் சொல்லிக்கொடுத்தது. அதை நம் ஊர்க்காரர்கள் நகலெடுத்து, பம்பாயும் கல்கத்தாவும் வாங்கி விற்கும் ‘பிசினஸ்’ அட்டையாக்கிப் புத்தகக் கடையில் தொங்கவிட்டார்கள். திருடனிடம் திருடியதில் பாவமில்லை என்று நினைத்திருக்கலாம்.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அட்டையில் துளை போட்டுத் துணியில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு முறை 1804இல் பிரான்சில் பிறந்தது. அந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு அதைக் கேட்டார். எந்திரம் கட்டக் காசு பற்றவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை: மூன்று கட்டம் சேர்க்கும் சில்லறை ஆட்டத்தை ஆடுகிற பொம்மை ஒன்று செய்து, ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தால் என்ன? செய்யவில்லை, கணக்குப் போட்டதோடு சரி. ஆனால் நெசவாளியின் அட்டையிலிருந்து கணினிக்குப் போகிற வழியில், முதல் திருப்பத்திலேயே கேம் நின்றுகொண்டிருந்தது.

நமக்கு அது வீட்டுக்குள் வந்தது 90களில், டிவி கேமாக. ஜப்பானில் செய்த பெட்டியின் நகல், நகலின் நகல். கேசட் மேல் லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பதோ ஏழெட்டு. அதே ஆட்டம் வேறு நிறத்தில், வேறு பேரில், மறுபடி மறுபடி வரும். பயல்கள் அதையும் விடவில்லை.

ஆடுவதோடு நிற்காமல் தாங்களே கேம் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2005இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். கைல் கேப்ளர், கைல் கிரே, மேட் குசிக், ஷாலின் ஷோதன். விதிகள் மூன்று. ஒரு கேமை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரே ஆள் முடிக்க வேண்டும். எல்லோரும் ஒரே கருவை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரு வாரம் புவியீர்ப்பு, ஒரு வாரம் செடிகொடி, ஒரு வாரம் கூட்டம். படிப்புக் காலத்துக்குள் ஐம்பதுக்கு மேல் கேம் தேறின. பாதி குப்பை என்று அவர்களே சொல்லக் கூசவில்லை. படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கவலைப்படவில்லை. உருண்டைகள் ஓடும், விழும், ஒட்டும். ஆடச் சுவையாக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. ஒட்டிக்கொள்ளும் உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கும் கேப்ளரின் ஒரு வாரக் கேம், 2008இல் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ என்று வளர்ந்து உலகப் புகழ் பெற்றது.

அவர்கள் வைத்துக்கொண்ட மூன்று விதியும் கண்மாய்க்கரையில் எழுதாமலே இருந்தவை. ஒரே ஆள், கையில் கிடைத்த காய், ஒரு மத்தியானம். சுவையில்லையென்றால் காலால் அழித்துவிட்டு வேறு வரையலாம். இப்போது ‘கேம் ஜாம்’ என்ற பேரில் உலகமெங்கும் வார இறுதிகளில் இப்படிக் கூடுகிறார்கள். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் இந்தியாவிலும் நடக்கிறது.

புலி இந்தப் புதுக் கேம்களுக்குள்ளும் வந்தது. 1986இல் மாஸ்கோவில் திமித்ரி தாவிதோவ் என்ற உளவியல் மாணவர் ‘மாஃபியா’ என்று ஒரு பேச்சு ஆட்டம் உருவாக்கினார். கூட்டத்தில் சிலர் கொலையாளிகள்; அவர்களுக்கு மட்டும் யார் யார் என்று தெரியும். மற்றவர் தொகையில் அதிகம், விவரத்தில் குறைவு. 2018இல் மூன்றே பேர் கொண்ட ஒரு சின்ன அமெரிக்கக் குழு அதே யோசனையை விண்வெளிக் கப்பலில் ஏற்றி ‘அமங் அஸ்’ வெளியிட்டது. இரண்டு வருடம் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. 2020 ஊரடங்கில் உலகமே அதில் உட்கார்ந்தது. ஆட்டுத் தோல் போர்த்திய புலி, மிச்சமெல்லாம் ஆடு. ஆடுகள் கூடிப் பேசிப் புலியைக் கட்ட வேண்டும். பலகை மாறியதே தவிர பஞ்சாயத்து மாறவில்லை.

நேபாளத்துப் பாக் சாலை லிம் யூ ஜின், யுர்க் நீவெர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் கணினியில் ஏற்றி அலசித் தீர்த்தார்கள். இரு தரப்பும் பிசகாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை, சமம். நாலு புலியும் இருபது ஆடும் தராசில் சரியாக நிற்கின்றன. இதை நிறுத்தியவர் யார்? பேர் தெரியாத எத்தனையோ மேய்ப்பர்கள், ஒரு ஆட்டைக் கூட்டியும் ஒரு புலியைக் குறைத்தும் தலைமுறை தலைமுறையாக “எங்க ஊர்ல இப்படித்தான்” என்று சொல்லிச் சொல்லியே நிறுத்தியிருக்க வேண்டும்.

தமிழ் பேசும் இண்டி கேம் என்றதும் இன்று எல்லோரும் சொல்வது ‘வெண்பா’. டொராண்டோவில் அபி என்ற தமிழர் வழிநடத்திய விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2023 ஜூலையில் வந்தது. 80களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறை பிடித்தும் கிடக்கிறது. எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து இட்லி வார்க்க வேண்டும், பிரியாணி வைக்க வேண்டும். வெட்டில்லை, குத்தில்லை, மணிக்கணக்கு ஓட்டமில்லை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் சான் பிரான்சிஸ்கோவின் சுயாதீன கேம் விழாவில் முதல் பரிசும், லண்டனில் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. வேடிக்கை, சமையல் குறிப்பை விளையாட்டாக்குவது புதுமை என்று பலர் எழுதினார்கள். திருச்சுழிக்காரர்கள் சிரிக்கலாம். 1879இல் அந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், ரமண மகரிஷியான பிறகு திருவண்ணாமலைக் குகையில் இருந்தபோது, அம்மா அழகம்மாள் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டார். பிள்ளை அப்பளம் இடவில்லை. அதற்குப் பதில் அப்பளம் இடும் பக்குவத்தையே ஞானமாக்கி ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார். மாவு பிசைவதும் உளுந்து இடிப்பதும் வேறு ஒன்றாகிவிடும் வித்தை அதில் இருக்கிறது. சிறுவயதில் அவர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பதால் அவரைத் ‘தங்கக்கை’ என்று கூப்பிட்டார்களாம். ஆடுபுலியில் தங்கக்கைக்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்திருக்கிறேன். ஆட்டுப் பக்கம்தான் என்று ஒரு நினைப்பு.

செல்போனுக்கு வருவதாகச் சொன்னேன். ஆடுபுலி ஆட்டம் இப்போது ஆப்பாகவும் கிடைக்கிறது. தனியாகவே ஆடலாம், புலியைக் கணினி ஓட்டும். ஆனால் ஆப் செய்கிறவருக்கு நம் ஊர்களில் யாருக்கும் வராத ஒரு தொல்லை: எத்தனை ஆடு விழுந்தால் புலி ஜெயித்தது? ஒரே பாய்ச்சலில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா? ஊருக்கு ஒரு பதில். தரையில் ஆடினால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நிரலில் ஒரு எண்ணை எழுதியே ஆக வேண்டும். எழுதிய பிறகு அதோடு சண்டை போட முடியாது.

போன பொங்கலுக்கு என் அக்கா பேரன் ஃபோனில் மூன்று முறை புலியிடம் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். முற்றத்தில் சுக்காங்கல்லால் வரைந்து கொடுத்தேன். புளியங்கொட்டை பதினாலுதான் தேறியது. அவன் சுற்றும் முற்றும் பார்த்து, தொழுவத்துப் பக்கம் ஓடி, காய்ந்த ஆட்டுப் புழுக்கை ஒன்றைப் பொறுக்கி வந்து பதினைந்தாவதாக வைத்தான். “இதைப் புலி வெட்டக் கூடாது தாத்தா.”

“ஏன்டா?”

“இதுதான் நிஜ ஆடு.”

எங்கள் ஊரில் இப்போது அப்படித்தான்.